ஊசி குத்தாத இடம்

— இன்னிக்குச் சொல்லிடுவேன். நீங்க என் வாயைப் பொத்தினாலும் சொல்லிடுவேன்.

— சொல்லக்கூடாது.

— மூணாவது ஞாயித்துக்கிழமைங்க இது. அம்மா போய்ப் பதினெட்டு நாள் ஆச்சு. கூடப்பிறந்த தம்பிகிட்ட எத்தனை வாரம் பொய் சொல்லிட்டு உக்காந்திருப்பேன்?

— கப்பல் அங்க போய்ச் சேர இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதையும் சேர்த்து எண்ணிக்கோ.

— உங்களுக்கு எல்லாமே எண்ணிக்கைதான். வீட்டுக்கு வந்தாலும் பஸ் டிப்போவைத் தலைல தூக்கிட்டுத்தான் வருவீங்க.

— டைம் கீப்பரைக் கட்டிக்கிட்டா அப்படித்தான். இந்தா, இந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படி.

— மனப்பாடமே ஆயிடுச்சு.

— பரவாயில்ல, படி.

— ‘குளிர்கால முகாமில் இருக்கும்போது என் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டாம்.’ ரெண்டு கட்டம். ரெண்டாவதுல டிக் போட்டிருக்கு. போதுமா?

— யார் போட்டது?

— அவன்தான்.

— கீழ யார் கையெழுத்து?

— அவனோடதுதான்.

— அப்புறம் என்ன? கையெழுத்துன்னா கையெழுத்து.

— அதைப் போட்டப்போ அம்மா கல்லு மாதிரி இருந்தாங்க. எழுபது வயசுல ஊசில நூல் கோக்கக் கண்ணாடி வேணாம்னவங்க. அம்மாவுக்கு என்ன ஆகப்போகுதுன்னு விளையாட்டா போட்டிருப்பான்.

— விளையாட்டா போடற கையெழுத்தா இது? தென்துருவத்துல பதினாலு பேர். சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் ஐஸ். அந்த ஜெனரேட்டர் ஒரு நாள் நின்னா பதினாலு பேரும் விறைச்சுப் போயிடுவாங்க. அதைப் பாத்துக்கற ஒரே மெக்கானிக் உன் தம்பி. போன வருஷம் ஒருத்தருக்கு வீட்டுல மனசு கேக்காம இப்படித்தான் சொல்லிட்டாங்களாம். மனுஷன் ரெண்டு மாசம் ரூம் கதவையே திறக்கலையாம். உன் தம்பி வாயாலயே சொன்னான். நீயும் கேட்டே.

— கேட்டேன்.

— அவர் சமையல்காரர். கதவைச் சாத்திக்கிட்டா மத்தவங்க ஏதோ கிண்டித் தின்னுட்டாங்க. இவன் சாத்திக்கிட்டா?

— எல்லாம் எனக்கும் புரியுதுங்க. புரிஞ்சு என்ன பண்ண? காலையில அம்மா துணியை எல்லாம் மடிச்சு மூட்டை கட்டறேன். மத்தியானம் அதே கையால ஃபோனை எடுத்து ‘அம்மா நல்லா இருக்காங்கடா’ங்கறேன். வாய் கூசுது.

— எனக்கு மட்டும் இனிக்குதா? மகன் நிக்க வேண்டிய இடத்துல மருமகன் நான் நின்னேன். நாளைக்கு அவன் வந்து, ‘ஏன் மாமா எனக்குச் சொல்லல’ன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? 

— அப்போ சொல்லிடலாம்.

— சொல்லக்கூடாது.

— முதல் வாரம் தொண்டைக்கட்டுன்னோம். பேச முடியல, பக்கத்துல உக்காந்து தைச்சிட்டு இருக்காங்கன்னோம்.

— அன்னிக்கு நான்தானே அத்தையோட மிஷின்ல உக்காந்து மிதிச்சேன். சத்தம் கேட்டா நம்புவான்னு.

— நீங்க மிதிச்ச மிதில ஊசியே உடைஞ்சுபோச்சு.

— நூல் இல்லாம ஓட்டினா உடையாதுன்னு நினைச்சேன்.

— போன வாரம் கண் ஆஸ்பத்திரின்னோம். இன்னிக்கு என்ன?

— தூங்கறாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். பெருசா சொன்னாத்தான் மாட்டிப்போம்.

— ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா தூங்கினதா சரித்திரமே கிடையாது. வாரம் பூரா தம்பி ஃபோனுக்காக உக்காந்திருந்தவங்க.

— மாத்திரை சாப்பிட்டாங்க, அசத்துதுன்னு சொல்லு. சுவத்துல என்ன பாக்கறே?

— அந்த மேப்பைத்தான். பென்குயின் எங்கெங்க இருக்குன்னு அவன் வாரத்துக்கு ஒரு இடமா சொல்லச் சொல்ல, அம்மா ஊசி குத்தினது. அஞ்சு அம்மா குத்தினாங்க. ரெண்டு நான் குத்தினேன். இன்னிக்குக் கடைசி இடம், அவன் இருக்கற இடம். அம்மாவுக்குன்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்னு போன வாரம் சொன்னான்.

— எட்டு ஊசி இருக்கே?

— அவன் இடத்துலயும் நேத்தே ஒண்ணு குத்திட்டேன். சிவப்புத் தலை. அம்மாவே குத்தினாங்கன்னு சொன்னா சந்தோஷப்படுவான் இல்ல?

— படுவான். அழாதே. ஃபோன் அடிக்குது பாரு. மூக்கைத் துடைச்சுக்கிட்டு எடு. ஸ்பீக்கர்ல போடு. பத்து நிமிஷம், நான் கடிகாரத்தைப் பாத்துக்கறேன்.

— ஹலோ! டேய்! கேக்குதா?

— கேக்குதுக்கா. நீ பேசி ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் எனக்கு வரும். அவசரப்பட்டுக் குறுக்க பேசாதே. மாமா இருக்காரா?

— இருக்கேன்டா மாப்பிள்ளை. ஜெனரேட்டர் எப்படி இருக்கு?

— உங்க டிப்போ பஸ்ஸை விட நல்லா ஓடுது மாமா.

— என் பஸ்ஸைத் தொடாம உனக்குப் பேச வராதே.

— அக்கா, அம்மா?

— தூங்கறாங்கடா. காலையில மாத்திரை சாப்பிட்டாங்க, அசத்திடுச்சு.

— இப்போவா?

— ஆமா. எழுப்பட்டுமா?

— வேணாம், வேணாம். தூங்கட்டும். கண்ணுக்கு மருந்து விட்டாங்கன்னியே, எப்படி இருக்கு?

— பரவாயில்ல. நல்லா தெரியுதாம்.

— சரி. சாப்பிடறாங்களா?

— கொஞ்சமா சாப்பிடறாங்க.

— சரிக்கா.

— நீ எப்படி இருக்கே? குரலே ஒரு மாதிரி இருக்கு.

— தூக்கம் பத்தலை. சூரியனைப் பாத்து ஒரு மாசம் ஆகப்போகுது. மத்தியானம் ஒரு மணி நேரம் வானத்தோட ஓரத்துல அடுப்பை அணைச்ச மாதிரி ஒரு சிவப்பு தெரியும். அது போனா மறுபடி இருட்டு. காலையா ராத்திரியான்னு கடிகாரம் சொன்னாத்தான் தெரியும். மாமாவைக் கொண்டுவந்து இங்க போடணும்.

— எனக்கு எதுக்குடா வம்பு? ஒன்பது நிமிஷம்தான் இருக்கு, விஷயத்துக்கு வா.

— கை எப்படிடா இருக்கு? விறைப்புன்னியே.

— உறை போட்டாலும் விறைக்குதுக்கா. பத்து விரல்ல முதல்ல நோகறது அந்த ஆள்காட்டி விரல்தான். பழைய ஊசித் தழும்பு.

— ஐயோ, அதுவா! அஞ்சு வயசு உனக்கு. அம்மா தைக்கும்போது துணிக்கு அடியில விரலை விட்டே. மிஷின் ஊசி நகத்தை ஓட்டை போட்டுக்கிட்டு இறங்கிடுச்சு.

— நான் அழலை. அம்மாதான் அழுதாங்க.

— ஒரு வாரம் மிஷின் பக்கமே போகலையே! ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் எல்லாம் அப்படியே கிடந்துது. அதுக்கப்புறம் நீ அந்த ரூமுக்குள்ள வந்தா ஊசி டப்பாவை மூடிட்டுத்தான் நிமிர்ந்தே பாப்பாங்க. நான் ஊசி மேலயே உக்காந்தாலும் கேக்க நாதியில்ல.

— நீ உக்காந்தா ஊசிதான் பாவம்.

— போடா. குண்டம்மான்னு சொல்லாம உனக்குப் பத்து நிமிஷம் போகாதே.

— அக்கா, மேப் பக்கத்துல இருக்கா?

— எதிர்லதான் இருக்கு.

— அம்மா வெச்ச சீட்டை எல்லாம் வரிசையாப் படியேன். நான் சொன்னதை என்னன்னு எழுதி வெச்சிருக்காங்கன்னு பாக்கணும். முதல் ஊசில இருந்து.

— எதுக்குடா இப்போ?

— சும்மாதான். கேக்கணும் போல இருக்கு.

— இரு. துணிக்கு அளவு எடுக்கற சீட்டுலயே எழுதி, ஊசியோட சேர்த்துக் குத்தி வெச்சிருக்காங்க. முதல் சீட்டு. ‘காலபகஸ் தீவு. பூமி நடுக்கோடு. உயரம் 20 இன்ச். வெயில் ஊர். ஐஸ் இல்லை. கறுப்புக் கோட்டைக் கழற்ற முடியாது, பாவம்.’

— அன்னிக்கு என்னமா சண்டை போட்டாங்க தெரியுமா? பென்குயின்னா ஐஸ்லதானே இருக்கும், என்னை ஏமாத்தாதேன்னு. கடல்ல குளிர்ந்த தண்ணி ஓடுதும்மா, அதனால தாக்குப்பிடிக்குதுன்னு நாலு தடவை சொன்னேன்.

— அதுக்கு மேல, வடதுருவத்துல ஒரு ஓட்டை இருக்கே? அதுல வெள்ளைத்துணில ஒட்டு போட்டிருக்கு.

— அதுதான் அவங்க முதல்ல குத்தின ஊசி! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, பனி இருக்கற இடம்தானேன்னு மேல குத்திட்டாங்க. அது கரடி இருக்கற ஊரும்மா, அங்க பென்குயினே கிடையாதுன்னேன். கிழிச்சதைத் தைக்காம விடமாட்டேன்னு ஒட்டு போட்டாங்களா? எனக்கு இது தெரியாது.

— சின்னதா ஓரம் மடிச்சுத் தைச்சு, அப்புறம் ஒட்டியிருக்காங்க.

— ஓரம் மடிச்சா?

— ஆமாடா. பிசிறு தெரியக்கூடாதே அம்மாவுக்கு.

— படிக்கா. அடுத்தது.

— ‘தெற்கு ஆப்பிரிக்கா கடற்கரை. 26. கழுதை மாதிரி கத்தும். சின்னவன் கத்திக் காட்டினான்.’

— அத்தனை பேர் வரிசைல நிக்கற எடத்துல, ஃபோன்ல கழுதை மாதிரி கத்தினேன். டாக்டர் ஓடி வந்து நாடி பிடிச்சுப் பாத்தார். அம்மா அந்தப் பக்கம் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடுச்சு.

— ‘பெரு, சிலி. 27. மழை பெய்யாத கரை. தன் எச்சத்தையே தோண்டி அதில் வீடு. அடித்துத் துவைக்க ஆள் வேண்டும்.’

— அப்புறம்?

— ‘ஆஸ்திரேலியா தென்கரை, நியூசிலாந்து. 13 மட்டும். நீலம். பொழுது சாய்ந்ததும் கூட்டமாகக் கரை ஏறும். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.’ அது கீழயே இன்னொண்ணு. ‘நியூசிலாந்து காடு. 24. மர வேருக்கு அடியில் கூடு. மஞ்சள் புருவம். எப்போதும் மழை. துணி காயாது.’

— துணி காயாது! அது நான் சொல்லவே இல்ல. அவங்களாவே சேர்த்துக்கிட்டாங்க.

— உலகத்துல எந்த ஊரைச் சொன்னாலும் அங்க துணி காயுமா காயாதான்னுதான் அவங்க கவலை.

— ஆறாவது?

— ஆறாவதா? ‘அர்ஜென்டினா. மார்பில் இரண்டு பட்டை. வளை தோண்டும். வருஷா வருஷம் அதே வளைக்குத் திரும்பி வரும்.’ அவ்வளவுதான்.

— அளவு?

— என்னது?

— உயரம் எழுதலையா?

— இல்லடா. மறந்துட்டாங்க போல.

— மறந்திருப்பாங்க. ஏழாவது நான் போன வாரம் சொன்னது. தென்கடல் தீவு, லட்சக்கணக்குல நிக்கும், குஞ்சுங்க எல்லாம் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட மாதிரின்னேன். அதுலயும் அளவு இருக்காதே?

— அது… இல்லடா. கண்ணு சரியில்லாம இருந்துதே.

— ஆமா. கண்ணு.

— ஏன்டா கேக்கறே?

— ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம் இரு, டாக்டர் ஏதோ கேக்கறார். வந்துடறேன்.

— ஏங்க, ஃபோனைக் கையால மூடிக்கறேன். மெதுவாப் பேசுங்க. அளவு எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லையே. கண்டுபிடிச்சுட்டானோ?

— ஒரு சீட்டை வெச்சு யார் கண்டுபிடிப்பாங்க? பதறாதே. கடைசி ஊசியைச் சொல்லி நல்லபடியா முடி. நாலு நிமிஷம்தான் இருக்கு.

— நானே சொல்லிடறேங்க. அவன் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு.

— அவன் கட்டத்துல டிக் போட்டிருக்கான். உன் நெஞ்சு வெடிக்காம இருக்கணும்னு அவன் நெஞ்சை உடைக்கப் போறியா?

— அக்கா? இருக்கியா?

— இருக்கேன்டா. சொல்லு. கடைசி இடம் சொல்றேன்னியே.

— அம்மாவுக்குன்னு எடுத்து வெச்சேன். பரவாயில்ல, நீ கேளு. அண்டார்டிகா. இங்கதான், எங்க முகாம்ல இருந்து நடந்தா முக்கால் மணி நேரம். பேரரசப் பென்குயின். சின்ன ஜாதி எல்லாம் குளிர் வர்றதுக்கு முன்னாடியே ஐஸ் விளிம்புக்கு ஓடிப்போச்சு. எல்லாம் வெளிய ஓடற நேரத்துல இது ஒண்ணுதான் முட்டை போட உள்ள வருது.

— இந்தக் குளிர்லயா? புத்தி இல்லையா அதுக்கு?

— முட்டை போட்டதும் தாய் அதை அப்பன் காலுக்கு மாத்தி விட்டுட்டுக் கடலுக்குப் போயிடுது. ரெண்டு மாசம். அப்பன் முட்டையைப் பாதத்து மேல வெச்சு, வயித்துத் தோலை மேல மூடிக்கிட்டு நிக்குது. தீனி கிடையாது. உக்காரக்கூட முடியாது. கூட்டமா ஒட்டி ஒட்டி நிக்கும். வெளி ஓரத்துல நிக்கறது மெதுவா உள்ள வரும், உள்ள நின்னது வெளிய போகும். யாரும் யாரையும் தள்ளறதில்ல.

— நம்ம ரேஷன் கடை வரிசைக்கு வந்து சொல்லிக்கொடுத்தா தேவலை.

— அதுல ஒருத்தனோட முட்டை நழுவிடுச்சுக்கா. நாங்க தூரத்துல நின்னு பாத்துட்டு இருந்தோம். ஐஸ்ல விழுந்தா ரெண்டு நிமிஷம்தான், கல்லாயிடும். அவன் குனிஞ்சு குனிஞ்சு அலகால தள்ளிப் பாத்தான். வெடிச்சுப் போச்சு.

— ஐயோ.

— மறுநாள் போய்ப் பாக்கறோம், கால் மேல ஒண்ணை மூடி வெச்சுக்கிட்டு நிக்கறான். வேற யாரோட முட்டையையோ தூக்கிட்டான் போலன்னு டாக்டர் பைனாகுலர்ல பாத்தார். முட்டை இல்ல. ஒரு ஐஸ் கட்டி. முட்டை அளவுக்கு உருண்டையா ஒரு ஐஸ் கட்டியைத் தேடி எடுத்து வெச்சிருக்கான்.

— பாவம்டா. அது முட்டை இல்லன்னு அதுக்குத் தெரியலையே.

— நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். மூணு வாரமா பாக்கறேன். தெரியும்க்கா அவனுக்கு.

— எப்படித் தெரியும்?

— சில்லுன்னு காலைச் சுடுமே. பக்கத்துல நிக்கறவன் முட்டை கதகதன்னு இருக்கும். இது எத்தனை நாள் மூடி வெச்சாலும் அப்படியேதான் இருக்கும். தெரியாமலா இருக்கும்?

— தெரிஞ்சா எதுக்குச் சுமக்கணும்? தூக்கிப் போட்டுட்டுக் கடலுக்குப் போய் நாலு மீன் தின்னா உயிராவது மிஞ்சும்.

— இருட்டுல, அத்தனை பேர் நடுவுல, கால் மேல ஒண்ணும் இல்லாம நிக்க முடியாதுக்கா.

— மாப்பிள்ளை, ரெண்டரை நிமிஷம்தான் இருக்கு. ஏதாவது நல்லதாப் பேசி முடியேன்டா. உன் அக்கா ஏற்கெனவே கண்ணைக் கசக்கறா.

— நல்லதாவே பேசுவோம் மாமா. அக்கா, என் இடத்துக்கும் ஒரு ஊசி குத்திடு.

— அது எப்போவோ குத்தியாச்சுடா! நான் சொல்ல மறந்தே போயிட்டேன். அம்மாவே குத்திட்டாங்க. இன்னிக்குக் காலையில.

— அம்மாவா?

— ஆமா. மேப்போட அடில, வெள்ளையா இருக்கற இடத்துல. சிவப்புத் தலை ஊசியா தேடி எடுத்து, ‘என் சின்னவன் இருக்கற இடம்’னு சொல்லிக்கிட்டே குத்தினாங்க. சீட்டுகூட இருக்கு. ‘உயரம் நாலு அடி’ன்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம்தான் படுத்தாங்க.

— நாலு அடி.

— ஆமாடா. டேய்? லைன்ல இருக்கியா? ஏங்க, கட்டாயிடுச்சா?

— கட்டாகலை. மூச்சு விடற சத்தம் கேக்குது பாரு.

— இருக்கேன்க்கா. மாமா, எத்தனை நிமிஷம்?

— ஒண்ணே முக்கால்.

— போதும். அக்கா, அந்த ஊசியை எடுத்துடு.

— எதை?

— என் இடத்துல இருக்கறதை. நான் கிளம்பற அன்னிக்குப் பெட்டியைக் கட்டிட்டு, மேப்ல இங்கதாம்மா போறேன்னு காட்டினேன். அம்மா அந்த வெள்ளை இடத்தை உள்ளங்கையால தடவிப் பாத்தாங்க. அப்புறம் ஊசி டப்பாவை மூடி அலமாரில வெச்சுட்டு வந்தாங்க. ‘எங்க வேணா குத்துவேன்டா, இந்த இடத்துல மட்டும் ஊசி குத்தமாட்டேன்’னாங்க. ஏன்னு நான் கேக்கல. என் விரலைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

— டேய்…

— ரொம்ப ஆழமாக் குத்திட்டியா? ஓட்டை பெருசா தெரியுதா?

— தெரியலடா. சின்னதுதான். நான்… எனக்கு இது தெரியாதுடா. அம்மா என்கிட்ட சொல்லவே இல்லடா.

— அழாதேக்கா. உன்மேல தப்பே இல்ல.

— எப்போ? எப்போ தெரிஞ்சுது உனக்கு?

— முதல் வாரமே. அம்மா மிதிச்சா நாலு தையலுக்கு ஒரு தடவை நிக்கும், துணியைத் திருப்ப. மாமா மிதிச்சது எங்கயும் நிக்காம ஓடுற எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஓடிச்சு.

— மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிடுடா.

— மாமா, எதுக்கு மன்னிப்பு? நான் இல்லாத எடத்துல நீங்க நின்னிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கப்பல் வரட்டும், வந்து உங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கறேன்.

— ரெண்டு வாரமா தெரிஞ்சுக்கிட்டேவா கண் எப்படி இருக்கு, சாப்பிடறாங்களான்னு கேட்டே? ஏன்டா? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே!

— கேட்டா நீ சொல்லிடுவே.

— சொல்லத்தான்டா துடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்போ சொல்றேன் கேளு, அன்னிக்குப் புதன்கிழமை, காலையில அம்மா…

— வேணாம்க்கா. நீ இன்னும் சொல்லல. அந்தக் காகிதத்துல நான் போட்ட டிக் அப்படியே இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தற நேரம், பின்னாடி வரிசைல மூணு பேர் நிக்கறாங்க. மாமா, எவ்வளவு இருக்கு?

— இருபது செகண்ட்.

— அடுத்த வாரம் நான் ஃபோனை எடுத்து என்னடா சொல்வேன்? எந்த வாயால சொல்வேன்?

— அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் அம்மா தூங்கட்டும்.